தந்தியைப் படித்து வரைந்த போர்

கேள்வி: ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களில் போர்க்களம்கூட அழகாக இருக்கிறதே! ஓவியர்கள் போர்முனைக்குப் போய்த்தான் வரைந்தார்களா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலானவர்கள் தோக்கியோவை விட்டு நகரவே இல்லை அம்மா. 1894-95 சீன-ஜப்பான் போரின்போது முனையிலிருந்து தந்தி வரும், பத்திரிகையில் நாலு வரி வரும். அதைப் படித்து ஓவியர் வரைவார். செதுக்குபவர் செர்ரி மரப் பலகையில் வெட்டுவார். அச்சடிப்பவர் நிறத்துக்கொரு பலகை வைத்துத் தாளைத் தேய்த்து எடுப்பார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மூன்று தாள்களாகப் போர் கடைக்கு வந்துவிடும்.

இந்த அவசரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1894 ஜூலையில் கொரியாவின் சோங்ஹ்வான் சண்டையில், குண்டடிபட்ட பியூகிள்காரர் (படைக்குச் சைகை தரும் ஊதுகொம்பு ஊதுபவர்) ஒருவர் வாயிலிருந்து பியூகிளை எடுக்காமலே செத்தார் என்று செய்தி. ஷிராகாமி கென்ஜிரோ என்று பெயர் போட்டுப் படங்கள் வந்தன. அப்புறம் பார்த்தால் ஆள் அவரில்லையாம், கிகுச்சி கொஹேயாம்! பள்ளிப் பாடத்தில் ஏறியது இரண்டாவது பெயர். விற்றுப்போன படங்களை யார் திருத்துவது?

இந்த ஓவியர்களில் கோபயாஷி கியோச்சிகா மட்டும் எனக்குத் தனி. இருட்டையும் வெளிச்சத்தையும் அவரைப்போல் மரத்தில் கொண்டுவந்தவர்கள் குறைவு. மஞ்சள் கடல் சண்டையைக் காட்டும் ஒரு படத்தில், தண்ணீருக்கு அடியில் சீனக் கப்பல் மூழ்குகிறது, கூடவே ஆட்களும். அங்கே நின்று பார்த்தவர் யார்? ஒருவரும் கிடையாது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. எரிச்சல் தருவது வேறு: இந்தப் போர்ப் படங்கள் பலவற்றில் ஜப்பானியச் சிப்பாய் கம்பீரமாக நிற்கிறான், சீனனோ சடை பறக்க விழுந்தடித்து ஓடுகிறான். அழகில் மயங்கினால் இது கண்ணில் படாது.

நேரில் போய்ப் பார்த்தவரும் உண்டு. 1868இல் எடோ நகரத்தின் (இன்றைய தோக்கியோ) உவெனோ குன்றில், ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளரின் ஆட்கள் அழிக்கப்பட்டபோது, ஓவியர் யோஷிதோஷி சீடர் ஒருவருடன் அங்கே போய்ப் பிணங்களைப் பார்த்தார். நடப்புச் சண்டையை அப்படியே வரையத் தடை. எனவே பழைய காலத்து வீரர்களின் பெயர்களைப் போட்டு வரைந்தார். அதில் ஒருவன் வெட்டுண்ட தலையைத் தூக்கிப் பிடித்து ரத்தம் குடிக்கிறான். 'அழகு' என்றீர்களே, அதைப் பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.