டப்ளின் போகிறவர்கள் அரக்கன் பாதையையும் பார்த்துவிட்டு வரலாமா?

கேள்வி: மகள் டப்ளினில் எம்.எஸ். படிக்கிறாள். அவளைப் பார்க்க நானும் கணவரும் அயர்லாந்து விசா வாங்கியிருக்கிறோம். அங்கிருந்து ஒரே நாளில் பஸ் டூரில் ஜயன்ட்ஸ் காஸ்வே, அதாவது அரக்கன் பாதை என்ற கடலோரக் கல்தூண்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள். போகலாமா?

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டை எடுத்து விசாவைப் பாருங்கள். காஸ்வே இருப்பது வடக்கு அயர்லாந்தில், ஆன்ட்ரிம் கடற்கரையில். அது பிரிட்டன் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. வழியில் செக்போஸ்ட் எதுவும் கிடையாது, பஸ் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், சாலைப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வரும்போதுதான் நாடு மாறியதே தெரியும். அதனாலேயே பலர் தனி விசா எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். இந்தியர்களுக்குத் தரும் குறுகிய கால அயர்லாந்து விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்று குறிப்பு இருந்தால் அதை வைத்தே அங்கே போகலாம். இல்லையென்றால் பிரிட்டன் விசா வாங்கியே ஆக வேண்டும். இதில் முக்கியமானது உங்கள் மகள் விஷயம். படிக்கப் போனவர்களின் நீண்ட கால விசாவுக்கும் குடியிருப்பு அட்டைக்கும் இந்தச் சலுகை கிடையாது, அவளுக்குத் தனியாக பிரிட்டன் விசா வேண்டும், இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், டப்ளினிலிருந்து போய் வர ஏழு மணி நேரம் பஸ்ஸிலேயே கழியும். முடிந்தால் வடக்கு அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட்டில் ஒரு இரவு தங்கிவிட்டுப் போங்கள். அங்கே யூரோ இல்லை, பவுண்டு.

கேள்வி: படத்தில் பார்த்தால் அந்தக் கல்தூண்கள் யாரோ அளந்து வெட்டி அடுக்கிய மாதிரி இருக்கிறது. உண்மையிலேயே இயற்கையா?

பதில்: நேரில் நின்றபோது எனக்கும் இதே சந்தேகம்தான், குனிந்து தொட்டுப் பார்த்த பிறகும் போகவில்லை. சுமார் 40,000 தூண்கள், பெரும்பாலும் ஆறு பக்கம், நடுநடுவே ஐந்தும் ஏழும், தேன்கூட்டை நிமிர்த்தி வைத்ததுபோல ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே பொங்கிய எரிமலைக் குழம்பு மெதுவாக ஆறியபோது சுருங்கியது, சுருங்கியதால் வெடித்தது. குளம் வற்றினால் சேறு பாளம் பாளமாக வெடிக்குமே, அதேதான். ஆனால் இங்கே வெடிப்பு மேற்பரப்போடு நிற்காமல், உள்ளே சூடு ஆற ஆறக் கீழே இறங்கிக்கொண்டே போயிருக்கிறது, அதனால் பாளம் தூணாகிவிட்டது.

நிதானமாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தூண்கள் குறுக்காகவும் வெடித்திருக்கின்றன, அந்த இடத்தில் ஒரு துண்டின் தலை லேசாகக் குழிந்திருக்கும், இன்னொன்றில் மேடாக இருக்கும். நான் போன அன்று காலையில் மழை பெய்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் உள்ளங்கை அளவு தண்ணீர், அதில் வானம். எல்லோரும் கடலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் அந்தக் குழிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர்க்கதை வேறு. ஃபின் மக்கூல் என்ற அரக்கன் ஸ்காட்லாந்து அரக்கனோடு சண்டை போடக் கடலில் பாதை போட்டானாம். வந்தவன் தன்னைவிடப் பெரியவன் என்று தெரிந்ததும், ஃபின்னின் மனைவி புருஷனுக்குக் குழந்தை வேஷம் போட்டுத் தொட்டிலில் படுக்க வைத்துவிட்டாள். பிள்ளையே இவ்வளவு பெரிது என்றால் அப்பன் எப்படி இருப்பான் என்று பயந்து, பாதையைப் பிய்த்துப்போட்டுக்கொண்டே ஓடிவிட்டானாம் மற்றவன். ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் இதே மாதிரித் தூண்கள் இருப்பதைப் பார்த்தால் இந்தக் கதை எப்படி முளைத்திருக்கும் என்று புரியும்.

கேள்வி: கல் இடுக்கில் காசு செருகினால் காதல் கைகூடும் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கிட்டே போய்ப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். இடுக்குகளில் நெருக்கி நெருக்கிக் காசுகள், அவற்றிலிருந்து கல்லின் மேல் வழிந்த பச்சையும் துருவுமான கறை. கடல் காற்றில் காசு துருப்பிடித்தால் மூன்று மடங்கு வரை தடிமன் ஆகும், அந்த அழுத்தத்தில் பாறையின் ஓரம் பெயர்ந்து விழுகிறது. இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் 2025-இல் இதை வெளிப்படையாகவே சொல்லி வேண்டுகோள் விடுத்தது. காசுகளை எடுக்க 30,000 பவுண்டுக்கு மேல் ஆகுமாம். ஆறு கோடி வருஷம் தாங்கிய கல்லை நம் பையில் இருக்கும் சில்லறை உடைக்கிறது என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது? உங்களோடு வருகிறவர் காசை எடுத்தாலும் தடுங்கள்.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி உண்டு. நடக்க முடியுமா? டிக்கெட் உண்டா?

பதில்: கற்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. பார்வையாளர் மையத்துக்கும் அங்கே கார் நிறுத்தவும்தான் பணம். மையத்திலிருந்து கற்கள் வரை சுமார் ஒரு கிலோமீட்டர் சரிவு, இறங்குவது சுலபம், திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் பேசும், அதற்குச் சின்ன பஸ் ஓடுகிறது, அதில் வாருங்கள். 162 படிகள் கொண்ட 'ஷெப்பர்ட்ஸ் ஸ்டெப்ஸ்' பக்கம் போக வேண்டாம். தண்ணீரை ஒட்டிக் கறுப்பாகத் தெரியும் கற்கள் வழுக்கும், நானே ஒருமுறை கையை ஊன்றித்தான் தப்பித்தேன். வெளிறிய சாம்பல் நிறக் கற்கள் மேலேயே இருங்கள், ரப்பர் அடி ஷூ போட்டுக்கொள்ளுங்கள், காற்று பலமாக வீசும், குடையை விட மழைக்கோட்டுதான் உதவும்.