கடைவீதிப் பழைய கட்டடம்: இடிக்குமுன் தண்ணீரின் வழியைப் பாருங்கள்

கேள்வி: வவுனியா நகரில் அப்பப்பா கட்டிய கட்டடம் ஒன்று இருக்கிறது. முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், ஓட்டுக் கூரை, பின்பக்கம் மட்டும் அஸ்பெஸ்டஸ் சீற். வீதியை உயர்த்திப் போட்டபின் மாரியில் கடைக்குள் தண்ணீர் வருகிறது. இரண்டு தரம் சீமெந்து பூசியும் சுவரின் அடி உதிர்கிறது. இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பச் சொல்கிறார்கள். திருத்தினால் நிற்குமா?

பதில்: சுவர் சாயாமல், அத்திவாரம் இறங்காமல் இருந்தால் நிற்கும். நீங்கள் சொல்லும் குறிகள் எல்லாம் தண்ணீரால் வந்தவை. சுவரின் வயதால் வந்தவை அல்ல. முதலில் வெடிப்புகளைப் பாருங்கள். பூச்சில் மயிரிழையாக ஓடுவதற்குப் பயமில்லை. கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, மேலே போகப்போக அகலமாகும் வெடிப்பு, அல்லது 5 மில்லிமீற்றருக்கு மேல் அகலமானது இருந்தால் கட்டடப் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்கவேண்டும். சந்தேகமான வெடிப்பின் குறுக்கே சாந்து வைத்துத் திகதி எழுதிவிடுங்கள். அந்தச் சாந்தும் பிளந்தால் சுவர் இன்னும் அசைகிறது.

இடிப்பதென்று முடிவெடுக்குமுன் இன்னொன்று. வீதிக்கோடும் கட்டடக்கோடும் உங்கள் காணியில் எங்கே வருகின்றன என்று உள்ளூராட்சி மன்றத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிதாகக் கட்டுபவர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் போகவேண்டும். கடைவீதியில் முன்பக்கத்து 6 அடி போனால் கடையே போனமாதிரி. திருத்த வேலைக்கும் அனுமதி வேண்டுமா என்பதை அங்கேயே கேட்டுவிடலாம்.

வேலை கூரையில் தொடங்கவேண்டும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 80 சதுர மீற்றர் கூரை, ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மாரிமழை என்றால் 8,000 லீற்றர். கூரை விளிம்பில் பீலி இல்லாத வீட்டில் அவ்வளவும் சுவரின் காலடியில்தான் விழுகிறது. உடைந்த ஓட்டை மாற்றி, ஓட்டைத் தாங்கும் சிலாகையில் கறையான் ஏறிய துண்டுகளை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்துங்கள். பாலை, முதிரைக் கைமரங்களைக் கழற்றி எறியவேண்டாம். இன்று அந்தத் தரத்தில் மரம் கிடைப்பது அரிது. பீலிக்கு மீற்றருக்கு 5 மில்லிமீற்றர் சாய்வு கொடுத்து, 4 அங்குலக் குழாயால் தண்ணீரைத் தொட்டிக்கோ, சுவருக்கும் மலக்குழிக்கும் எட்டவுள்ள ஊறுகுழிக்கோ கொண்டுபோங்கள். வவுனியாவின் நிலத்தடி கடும்பாறை. ஆழமற்ற கிணறுகள் மாரியில் ஊறுவதை நம்பித்தான் இருக்கின்றன. கூரைத் தண்ணீரை நிலத்துக்குக் கொடுத்தால் உங்கள் கிணறு மட்டுமல்ல, அயலவர் கிணறும் கோடையில் தாக்குப்பிடிக்கும். அஸ்பெஸ்டஸ் சீற்றை மாற்றினால் நனைத்து, முழுதாக இறக்குங்கள். கிரைண்டரால் வெட்டக்கூடாது, உடைந்த துண்டை நிரவலுக்குப் போடக்கூடாது.

அடுத்தது வாசல். பழைய கட்டடங்களின் கூரை பொதுவாக உயரமானது. உங்களுடையதும் அப்படியென்றால் கடைத் தரையை ஒரு அடி உயர்த்தலாம். கதவு நிலையையும் அதற்கேற்ப உயர்த்தவேண்டி வரும். 6 அங்குலத்துக்குக் கருங்கல் சல்லி, அதன்மேல் தரை. கொங்கிரீட்டைச் சுவரில் முட்ட ஊற்றினால் நிலத்து ஈரம் வேறு போக்கில்லாமல் சுவரில் ஏறும். அதனால் சுவரோரமாக 2 அங்குலம் விட்டுச் சல்லியால் நிரப்புங்கள். வீதி வடிகானை நிரந்தரமாக மூடிப் படிக்கட்டுவது கடைவீதியெங்கும் நடக்கிற பிழை. இரண்டு பேர் தூக்கக்கூடிய, 2 அடிக்கு மேற்படாத கொங்கிரீட் பலகைகளால் மூடினால் தூக்கி மண் அள்ளலாம். ஒரு கடையின் முன் அடைபட்ட வடிகான் மேலே உள்ள பத்துக் கடைக்கு வெள்ளம். பக்கத்துக் கடைக்காரர்களோடு பேசி வரிசை முழுவதையும் ஒரே நாளில் துப்புரவாக்கினால்தான் பலன்.

இனிச் சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் பூச்சுக்குப் பின்னால் ஏறி, காயும் இடத்தில் உப்பை விட்டுச் செல்கிறது. உப்பு பளிங்காகும்போது செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளுகிறது. அதனால்தான் சீமெந்து பூசப்பூசச் சேதம் மேலே ஏறுகிறது.

மழை ஓய்ந்து பெப்ரவரியில், ஈரக்கறைக்கு மேல் ஒரு அடி வரைக்கும் சீமெந்தை உளியால் மெல்லக் கழற்றுங்கள். செங்கல்லுக்கிடையிலுள்ள மூட்டுகளை 15 முதல் 20 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். வெள்ளை உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி வெளியே கொட்டுங்கள். கழுவினால் அது திரும்பச் செங்கல்லுக்குள் போய்விடும். பிறகு சுவரைச் சும்மா விடவேண்டும். பொதுவான கணக்கில் அங்குலத்துக்கு ஒரு மாதம். 9 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நாலைந்து மாதம் வேண்டும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) இந்த வேலையைச் செய்யும். அவசரப்படும் மேசனுக்கு இணங்காதீர்கள். பெரும்பாலான திருத்தங்கள் இங்கேதான் கெடுகின்றன.

ஓகஸ்ட் கடைசியில் பூசத் தொடங்குங்கள். சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீருக்குள் சுண்ணாம்பைப் போடவேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கவசம் கட்டாயம். நீற்றியதைக் குறைந்தது 3 வாரம் தண்ணீருக்கடியில் ஊறவிடுங்கள். சுவரின் அடிப்பகுதிக்குச் சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, ஆற்று மணல் 2. மேலே சுண்ணாம்பு 1, மணல் 3. கடல் மணல் உப்பைத் திரும்பக் கொண்டுவரும். ஒரு பூச்சு 10 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. காற்று வேகமாகக் காயவைத்தால் வெடிக்கும் என்பதால் ஒரு வாரம் நனைந்த சாக்குத் தொங்கவிடுங்கள். மேலே மூன்று தரம் சுண்ணாம்பு அடியுங்கள்; பிளாஸ்டிக் வர்ணம் பூசினால் அடைத்த வழியைத் திரும்ப அடைத்ததாகும்.

மேல்மாடி கட்டாயம் வேண்டுமென்றால் இந்தச் சுவரில் ஏற்றவேண்டாம். தனி அத்திவாரத்தில் தூண் எழுப்பி, பாரம் முழுவதையும் தூண்களுக்கே கொடுக்கவேண்டும்; அதைப் பொறியியலாளர் கணக்கிடட்டும். பொதுச் சுவரோரம் கிடங்கு வெட்டும்போது ஒருமுறைக்கு 4 அடி நீளத்துக்கு மேல் திறக்காமல், ஒன்றை நிரப்பியபின் அடுத்ததை வெட்டுங்கள். மண்ணுக்குள் தெரியாத இரும்புப் பொருள் எதுவும் தட்டுப்பட்டால், அது போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம்; தொடாமல் வேலையை நிறுத்திப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கடை திரும்பத் திறந்தபின் றாக்கைகளையும் அரிசி மூடைகளையும் சுவரிலிருந்து 2 அங்குலமாவது தள்ளி வையுங்கள். முதல் மாரியில் அடிச்சுவரில் கொஞ்சம் உப்புப் பூக்கும். தூரிகையால் தட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள்.