பழைய சொகுசு எஸ்யூவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து ஆண்டுகள் ஆன சொகுசு எஸ்யூவி ஒன்று புதிய சிறிய காரின் விலைக்கே கிடைக்கிறது. ஓடியிருப்பது 90,000 கிலோமீட்டர்தான். துணிந்து வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால், வாங்கும் விலையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். வண்டியின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வரும். அதன் உதிரிபாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. ஷோரூமில் புதிதாக நின்றபோது அந்த வண்டிக்கு என்ன தகுதி இருந்ததோ, அந்தத் தகுதிக்கு உரிய விலையில்தான் இன்றும் ஹெட்லைட்டையும் பிரேக் டிஸ்க்கையும் வாங்கியாக வேண்டும். பழைய சொகுசு வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

குறைவாக ஓடிய வண்டி என்பதாலேயே நல்ல வண்டி என்று எண்ணிவிடவும் முடியாது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஓட்டத்தால் மட்டுமல்லாமல் எஞ்சின் வெப்பத்தாலும் வயதாலும் கெடுபவை. 2002-இல் அறிமுகமான முதல் தலைமுறை போர்ஷே கயெனின் வி8 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் சென்ற கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு அவை நொறுங்கத் தொடங்கியதால், பின்னர் அலுமினியக் குழாய்களைப் பொருத்த வேண்டியதாயிற்று. குழாயின் விலை பெரிதல்ல. மேனிஃபோல்டைக் கழற்றி அந்த இடத்தை எட்டுவதற்கான கூலிதான் பெரிது. சொகுசு வண்டிகளில் பல பழுதுகளின் கணக்கு இப்படித்தான் அமைகிறது.

ஆகவே கிலோமீட்டர் மீட்டரைப் பார்ப்பதைவிட, சர்வீஸ் பில்களை ஆண்டுவாரியாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூலண்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில் ஆகியவற்றை மாற்றிய பில்கள் இல்லையென்றால், அந்தச் செலவெல்லாம் உங்கள் தலையில் விழப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டின் பழுதுச் செலவுக்கென்று தனியாக ஒதுக்கி வைக்குமாறு, என்னிடம் கேட்பவர்கள் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அந்தத் தொகையை ஒதுக்க முடியாதவர்கள் இன்னும் எளிய வண்டியைப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: காலையில் பார்த்தால் என் எஸ்யூவியின் முன்பக்க இடது மூலை தாழ்ந்து கிடக்கிறது; ஸ்டார்ட் செய்தால் சிறிது நேரத்தில் எழும்பிவிடுகிறது. கம்ப்ரசரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சரிதானா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது காற்றால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன். ரேஞ்ச் ரோவரில் 1992-லேயே மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட ஏர் சஸ்பென்ஷன் வந்துவிட்டது; அதன்பின் பல சொகுசு எஸ்யூவிகளில் இது இடம்பிடித்தது. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, காற்று நிரம்பிய ரப்பர் பை ஒன்று ஒவ்வொரு மூலையிலும் வண்டியைத் தாங்குகிறது. சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பை ஒரே இடத்தில் மடிந்து விரிவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த மடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. இரவெல்லாம் காற்று கசிந்து வெளியேற, காலையில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

இழந்த காற்றை ஈடுசெய்யும் பொறுப்பு கம்ப்ரசருடையது. அது சில நொடிகள் ஓடி ஓய்வதற்காகச் செய்யப்பட்ட கருவி. கசிவு இருக்கும்போது ஓய்வின்றி ஓடிச் சூடேறி, பிஸ்டன் ரிங் தேய்ந்து, கடைசியில் அதுவும் செயலிழக்கிறது. கம்ப்ரசர் மாற்றிய சில மாதங்களுக்குள்ளேயே மறுபடியும் கம்ப்ரசர் போய்விட்டது என்று ஒருவர் தம் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். சோப்புத் தண்ணீரை முன்பக்கப் பையின் கீழ்மடிப்பில் தெளித்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, கடுகளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பி வந்தன. கசிந்த பையை அப்படியே விட்டுவிட்டு கம்ப்ரசரை மட்டும் மாற்றியதால், புதிய கம்ப்ரசரும் பழையது போன வழியிலேயே போயிருந்தது.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து மேலேயுள்ள ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துவையுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மீண்டும் அளங்கள். உங்கள் வண்டியில் நடப்பதுபோல ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால், அந்த மூலையின் பையையும் காற்றுக் குழாயின் இணைப்பையும் முதலில் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மூலைகள் சேர்ந்து இறங்கியிருந்தால் பைகளுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கையும் சந்தேகிக்கலாம். கசிவை அடைத்த பிறகும் வண்டி மெதுவாகத்தான் எழும்புகிறது என்றால், கம்ப்ரசரைப் பற்றி அப்போது பேசலாம்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பாரத்துக்கு ஏற்ப மட்டத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதியை அதனால் இழந்துவிடுவீர்கள் என்பதால், எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: என் வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுவதும் மாற்றவே வேண்டாம் என்று ஷோரூமில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: பல சொகுசு எஸ்யூவிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. செய்தவர்களின் சொல்லுக்கே நான் மதிப்புக் கொடுப்பேன். அவர்களுடைய பல கியர்பாக்ஸ்களில் ஃபில்டர் பிளாஸ்டிக் ஆயில் பேனோடு சேர்ந்தே வருவதால், முழு பேனையும் மாற்ற வேண்டியிருக்கும். செலவு சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

கேள்வி: டீசல் எஸ்யூவியைத் தினமும் ஐந்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள அலுவலகத்துக்கு மட்டும் ஓட்டுகிறேன். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கிறது. இது எப்படி?

பதில்: டிபிஎஃப் எனப்படும் புகைக்கரி வடிகட்டிதான் காரணமாக இருக்க வேண்டும். அதில் சேரும் கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அதற்காகச் சில எஞ்சின்கள் சிலிண்டருக்குள்ளேயே கூடுதலாக டீசலைத் தெளிக்கின்றன. கரி எரிந்து முடிவதற்குள் நீங்கள் அலுவலகத்தை அடைந்து எஞ்சினை நிறுத்திவிடுவதால், அந்த வேலை நாள்தோறும் பாதியில் நிற்கிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கிறது. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடிக்கும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளையும் டர்போவையும் காப்பாற்றாது, உடனே மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். அதற்கு வாய்ப்பே இல்லையென்றால், உங்கள் பயன்பாட்டுக்குப் பெட்ரோல் வண்டியே பொருத்தம்.

கேள்வி: நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் தேய்ந்த இரண்டு டயர்களை மட்டும் மாற்றலாமா?

பதில்: மற்ற இரண்டும் ஏறக்குறையப் புதியவையாக இருந்தால் மாற்றலாம். இல்லையெனில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு சுற்றளவில் சுழன்று, எஞ்சினின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள கிளட்ச் இடைவிடாமல் உராய்ந்து கெடும். டயர் செலவை எப்போதும் நான்காகவே கணக்கிடுங்கள்.

கேள்வி: வண்டியைப் பார்க்கச் செல்லும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சென்றதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் சங்கிலி உரசுவதுபோல் கடகடவென்று சத்தம் கேட்டால், எஞ்சின் வால்வுகளின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயினோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சின் சூடேறிய பிறகு அந்தச் சத்தம் அடங்கிவிடலாம் என்பதால்தான் குளிர்ந்த நிலையில் கேட்கச் சொல்கிறேன். பி.எம்.டபிள்யூவின் என்47, என்57 டீசல் எஞ்சின்களில் இந்தச் செயின் கியர்பாக்ஸ் இருக்கும் பின்பக்கத்தில் அமைந்திருப்பதால், அதை எட்டுவதே பெரிய வேலை.

அடுத்து, எல்லா மிதியடிகளையும் தூக்கிவிட்டுக் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சன்ரூஃபின் வடிகால் குழாய்கள் அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே இறங்கித் தரையில் தேங்கும். பல வண்டிகளில் வயரிங் இணைப்புகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் இருக்கின்றன. உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால், விலை பேசாமலே திரும்பி வந்துவிடுங்கள்.