வாசகர் கேள்வி – பதில்: இரவு 9 மணிக் கொத்தும் நடுச்சாம நெஞ்செரிவும்

கேள்வி: மகனுக்கு 14 வயது. ரியூசன் முடிந்து 9 மணிக்கு வந்து, கொத்து ரொட்டியோ சோறோ வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுக்கிறான். நடுச்சாமத்தில் புளிச்ச தண்ணி தொண்டை வரை எதுக்களித்து, இருமி எழும்புகிறான். இரண்டு மாதமாகப் பாமசியில் வாங்கிய அசிட் பாணி கொடுக்கிறேன். ஏன் நிற்கவில்லை?
– ஒரு தாய், கல்லடி

பதில்: பாணி அமிலத்தைக் கொஞ்ச நேரம் தணிக்கும், மேலே ஏறுவதைத் தடுக்காது, அம்மா. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத்தசை உண்டு. வயிறு முட்டினால் அது அடிக்கடி தளரும். படுத்ததும் புளிப்பு இலேசாக மேலே வந்துவிடும்.

ஆகவே முதலில் சாப்பாட்டு நேரத்தை மாற்றுங்கள். சோறும் மீன்கறியும் ரியூசனுக்குப் போகமுன் 4 மணிக்கே. வந்ததும் மூன்று இடியப்பமும் தண்ணிச் சொதியும் போதும். கொத்து, பொரியல், தலைப்பாலில் காய்ச்சிய கறி இரவில் வேண்டாம். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். சாப்பிட்டு 2 மணி நேரமாவது, முடிந்தால் 3, படுக்கக் கூடாது. சோடாவையும் இராத் தேத்தண்ணியையும் நிறுத்துங்கள். உறைப்பு எல்லாருக்கும் எரிக்காது. என்ன சாப்பிட்டான், எப்போது படுத்தான், எப்போது எரிந்தது என்று இரண்டு வாரம் கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டு, எரிப்பதை மட்டும் விலக்குங்கள். வளரும் பிள்ளையை வெறும் கஞ்சியில் விடுவது பெரிய பிழை.

தலகணியை அடுக்கினால் வயிறு மடிந்து இன்னும் அழுத்தும். கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே 6 அங்குல மரக்கட்டை வையுங்கள். கால் வழுகாமல் கட்டையில் சிறு குழி வெட்டுங்கள். இடப்பக்கம் சரிந்து படுப்பது நல்லது.

இரண்டு மாத எதுக்களிப்பும் இராவிருமலும் வைத்தியர் பார்க்க வேண்டியவை. இருமல் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் மருந்தை எழுதித் தந்தால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னர், தினமும், சொன்ன நாள்வரை கொடுங்கள். எரியும்போது மட்டும் விழுங்கினால் பலன் குறைவு. கப்ஸியூலுக்குள் இருக்கும் மணிகளை அரைக்கவும் கூடாது. அவன் முகப்பருவுக்கு டொக்சிசைக்கிளின் குடிக்கிறானா என்றும் கேளுங்கள். ஒரு மிடறு தண்ணியோடு விழுங்கிப் படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு கிளாஸ் தண்ணி குடித்து அரை மணி இருக்க வேண்டும்.

சாப்பாடு நெஞ்சில் சிக்கினாலோ, நிறை குறைந்தாலோ கிளினிக் திகதிக்குக் காத்திராதீர்கள். இரத்த வாந்தி, கறுத்த மலம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை பால் கக்குகிறது. குப்புறப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். சரியா?
– அக்கரைப்பற்று வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். மல்லாக்க, மட்டமான படுக்கையில்தான் உறங்க வேண்டும். குப்புறப் படுத்தால் உறக்கத்தில் திடீர் மரண ஆபத்து கூடும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குடித்த பின் 20–30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். நிறை ஒழுங்காக ஏறினால் பயமில்லை, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் நின்றுவிடும். பச்சையாக வாந்தி எடுத்தாலோ, ஒவ்வொரு முறையும் பீறிட்டுப் பாய்ந்தாலோ உடனே கொண்டு போங்கள்.