வாசகர் கேள்வி-பதில்: சவரக்கத்திக்கு எந்த பெல்ட் கிரைண்டர்?

கேள்வி: மடக்குச் சவரக்கத்தி செய்ய ஆசை. 3 ஹெச்.பி. பெல்ட் கிரைண்டர்தான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். அவ்வளவு தேவையா? சக்கரம் எத்தனை அங்குலம் போடலாம்? (ஒரு வாசகர், கோவை)

பதில்: மோட்டாரைப் பிறகு பார்ப்போம். சவரக்கத்தியின் குணத்தைத் தீர்மானிப்பது, உரசும் பெல்ட் சுற்றி ஓடும் சக்கரத்தின் விட்டம். கத்தியின் அகலம் 20 மி.மீ., முதுகின் கனம் 5.5 மி.மீ. என்று வையுங்கள். தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படிவதால், வாயின் கோணம் ஏறக்குறைய 16 டிகிரி வரும். அது சரியான அளவு. இனி இருபுறமும் 18 மி.மீ. உயரத்துக்குக் குழிவு எடுக்க வேண்டும். அந்த உயரத்தை அதாலேயே பெருக்கி, சக்கர விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் குழிவின் ஆழம் கிடைக்கும். 250 மி.மீ. சக்கரத்தில் பக்கத்துக்கு 0.32 மி.மீ.தான், கத்தியின் நடுவில் 2 மி.மீ.க்கு மேல் இரும்பு நிற்கும். 150 மி.மீ. சக்கரத்தில் நடுக்கனம் 1.7 மி.மீ. ஆகும். 75 மி.மீ. சக்கரத்திலோ வெறும் 0.6 மி.மீ.! நகத்தால் அழுத்தினால் வாய் வளைந்து கொடுக்கும் மெல்லிய கத்திகள் இப்படிச் சின்னச் சக்கரத்தில்தான் பிறக்கின்றன.

முதல் கத்திகளுக்கு 150 மி.மீ. சக்கரம் போதும். கை பழகிய பிறகு 75 மி.மீ.க்குப் போங்கள். பிளேட்டனும் (பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் தட்டையான தகடு) அவசியம். முதுகைச் சமன் செய்ய அதுதான் உதவும். முதுகின் கனம் ஒரு முனையைவிட மறுமுனையில் 0.1 மி.மீ. கூடினாலும், தீட்டும்போது வாய்ச்சரிவு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் விழும்.

50 × 1830 மி.மீ. பெல்ட் ஓடும் மெஷினாகப் பாருங்கள். 25 × 762 பெல்ட்டில் விலை குறைவு, ஆனால் பெல்ட் குட்டை என்பதால் சீக்கிரம் சூடேறும். சக்கரத்தை மாற்றிப் போடவும் அதில் வசதி குறைவு.

கேள்வி: நானே கட்டுவதானால் மோட்டார், சக்கரம் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: சவரக்கத்தியில் உரித்தெடுக்க இரும்பு அதிகமில்லை. 1.5 ஹெச்.பி., 1440 சுற்று, முழுக்க மூடிய த்ரீ-பேஸ் மோட்டார் தாராளம். திறந்த மோட்டாருக்குள் இரும்புத்தூள் புகுந்து காயிலைக் கெடுத்துவிடும். ஓட்டும் சக்கரம் 100 மி.மீ. என்றால் பெல்ட் விநாடிக்கு 7.5 மீட்டர் ஓடும். பதம் ஏற்றிய (சுட்டு எண்ணெயில் முக்கிக் கடினமாக்கிய) கத்திக்கு அதிலும் பாதி வேகம் வேண்டும். அதனால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவி வாங்குங்கள்.

பலர் தடுமாறுவது இங்கேதான். வீட்டு 230 வோல்ட்டில் ஓடும் விஎஃப்டி, மோட்டாருக்கும் 230 வோல்ட் த்ரீ-பேஸ்தான் கொடுக்கும். நம் ஊர்ச் சின்ன மோட்டார்கள் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் (மூன்று சுருள்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்து) வரும். அப்படியே மாட்டினால் சுற்றும், கத்தியை அழுத்தியதும் திணறி நிற்கும். ஆறு முனையும் வெளியே வந்த மோட்டாராகக் கேட்டு வாங்கி, டெல்டாவில் (சுருள்களை முக்கோணமாக) இணையுங்கள், அப்போது 230 வோல்ட் போதும். எர்த்தை விடாதீர்கள்.

சக்கரங்களை லேத்தில் பேரிங்கோடு ஏற்றியே கடையச் சொல்லுங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.யைத் தாண்டினால் குழிவில் அலை அலையாக வரி விழும். அதை எந்த பாலிஷும் மறைக்காது. பெல்ட்டின் ஒட்டு தடித்திருந்தாலும் இதே தொல்லை. ஒரு முனைமேல் மறுமுனை ஏறும் மேலொட்டு வேண்டாம், முனைகளை நேருக்கு நேர் வைத்து டேப்பால் சேர்த்த டேப் ஒட்டு வாங்குங்கள். சின்னச் சக்கரத்துக்கு, எளிதில் வளையும் மெல்லிய ஜே-ஃப்ளெக்ஸ் துணி பெல்ட். கனத்த துணியாக இருந்தால் அந்த வளைவில் வெடிக்கும். ஜே-ஃப்ளெக்ஸ் பெல்ட்டைச் சக்கர விளிம்புக்கு வெளியே 2 மி.மீ. தள்ளி ஓட்டினால், கத்தியின் தோள்பட்டையில் (குழிவு முடியும் இடத்தில்) வெட்டுக்கோடு விழாமல் வளைவு மென்மையாக வரும்.

கேள்வி: வாய் நீலம் பாய்ந்துவிடுகிறது. ஏன்?

பதில்: நீலம் என்றால் அந்த இடம் 290 டிகிரியைத் தாண்டிவிட்டது, பதம் போய்விட்டது. தண்ணீரில் முக்கினாலும் திரும்பாது. நீலம் பாய்ந்த பகுதி முழுக்கத் தேய்த்தெடுக்க வேண்டும், அல்லது மறுபடி பதம் ஏற்ற வேண்டும். கத்தியில் வாய்தான் மெலிந்த இடம், சூடு போக வழியில்லை. அதற்காகப் பதம் ஏற்றும் முன்பே மெலிக்கவும் முடியாது. அப்போது வாயில் 0.8 மி.மீ.யாவது விடாவிட்டால் எண்ணெயில் முக்கும்போது நெளியும். மீதியைப் பதத்துக்குப் பின், புதிய 120 கிரிட் (மணல் பருமன்) பெல்ட்டில், மெதுவான வேகத்தில், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கி எடுங்கள். மழுங்கிய பெல்ட் வெட்டாது, உரசிச் சூடேற்றும். கையுறை வேண்டாம், பெல்ட் அதைப் பிடித்து இழுக்கும். தவிர, வெறும் விரலுக்குத்தான் சூடு உடனே தெரியும். கண்ணாடியும் தூசி முகமூடியும் கட்டாயம்.