பேட்டன்ட் கேஸ் நடந்த ஜெனரிக் மாத்திரையை நம்பி சாப்பிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். ராத்திரியில கால் எரிச்சல் தாங்க முடியாம பிரிகாபலின் சாப்பிடறாங்க. போன தடவை ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேற கம்பெனி செஞ்சது, குடுத்தாங்க. மருந்தைக் கொண்டு வந்த கம்பெனி ஜெனரிக் கம்பெனிங்க மேல கேஸ் போட்டுச்சு, ஜெனரிக் கூட வர்ற தாள்ல நரம்பு வலின்னே போடலைன்னு படிச்சேன். பயந்துபோய் அம்மா நேத்துல இருந்து மாத்திரையை நிறுத்திட்டாங்க. சரிதானா டாக்டர்?

பதில்: நிறுத்தினது சரியில்லைங்க, இன்னிக்கே அவங்க டாக்டர்கிட்ட பேசிடுங்க. பிரிகாபலினை திடீர்னு விடக்கூடாது, விடணும்னாலும் குறைஞ்சது ஒரு வாரமாவது டோஸை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுதான் விடணும், இல்லேன்னா தூக்கம் கெடும், குமட்டல், தலைவலி, படபடப்பு வரும், சிலருக்கு ஃபிட்ஸ் கூட வரலாம். எந்த டோஸ்ல மறுபடி ஆரம்பிக்கிறதுன்னு அவர் சொல்லட்டும்.

இப்ப அந்த கேஸ். நீங்க படிச்சது பிரிட்டன்ல நடந்ததுன்னு நினைக்கிறேன். அங்க பிரிகாபலினை மத்த கம்பெனிங்க விக்க முடியாதபடி இருந்த சட்டப் பாதுகாப்பு 2014லயே முடிஞ்சிடுச்சு, ஆனா "வலிக்கு பயன்படுத்தறது"ன்னு தனியா ஒரு பேட்டன்ட், அதாவது அதுக்காக மத்தவங்க விக்கக்கூடாதுங்கற உரிமை, மருந்தைக் கொண்டு வந்த ஃபைசர் குரூப்கிட்ட 2017 வரைக்கும் இருந்துச்சு, அதனால ஜெனரிக் கம்பெனிங்க வலியை விட்டுட்டு ஃபிட்ஸ், மனப்பதற்றம் ரெண்டுக்கு மட்டும் அனுமதி வாங்கி வித்தாங்க. தாள்ல நரம்பு வலி இல்லாம போனது இதனாலதான். உள்ள இருக்கிறது அதே பிரிகாபலின். 2015ல அங்க அரசு மருத்துவத் துறையே நரம்பு வலிக்கு லிரிகாங்கிற ஃபைசரோட பிராண்ட் பேரைப் போட்டு எழுதுங்கன்னு டாக்டர்களுக்கு சொல்லுச்சு, அதுவும் கோர்ட் விவகாரத்தாலதான், ஜெனரிக் வலியைக் கேக்காதுன்னு யாரும் சொல்லலை. கடைசியில 2018 நவம்பர்ல அங்க உச்ச நீதிமன்றம், பேட்டன்ட் விண்ணப்பத்துல நரம்பு வலிக்கு வேலை செய்யும்னு நம்பற அளவுக்கு விஷயம் இல்ல, அதனால அந்த பேட்டன்ட் உரிமைகள் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இதையும் தப்பா எடுத்துக்காதீங்க, விண்ணப்பம் எழுதின நேரத்துல அதுல என்ன இருந்துச்சுங்கறதைப் பத்தின தீர்ப்பு அது, சுகர்னால வர்ற நரம்பு வலிக்கு பிரிகாபலின் உதவும்னு ஆய்வுகள்ல பாத்தாச்சு.

ரெண்டு கம்பெனிக்கு நடுவுல யார் விக்கலாம்ங்கற சண்டைக்கு ஒரு நோயாளி பயந்து மருந்தை விடறது எனக்கு நிஜமாவே கஷ்டமா இருக்கு. தரத்தைப் பாக்கறது கோர்ட் இல்ல, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு. ஒரிஜினலையும் ஜெனரிக்கையும் ஆளுங்களுக்குக் குடுத்து ரத்தத்துல எவ்வளவு ஏறுது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு அளப்பாங்க. ஒரிஜினலோட ஒப்பிட்டா 80லருந்து 125 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு வரம்பு சொல்வாங்க, உடனே மாத்திரையில 20 சதவீதம் மருந்து குறைவா இருக்கலாம்னு பரப்பிடறாங்க, அது தப்பு. அது புள்ளியியல் கணக்கோட வரம்பு, அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 12 வருஷத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தப்ப உடம்புல சேர்ற அளவுல சராசரி வித்தியாசம் 4 சதவீதத்துக்கும் கம்மிதான்.

நான் கவனமா இருக்கிற மருந்துகளும் உண்டு. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற வார்ஃபரின், ஃபிட்ஸுக்குக் குடுக்கற ஃபெனிடாயின், தைராய்டுக்குக் குடுக்கற தைராக்சின், கிட்னி மாத்தினவங்களுக்குக் குடுக்கற டாக்ரோலிமஸ், இதுலெல்லாம் சின்ன வித்தியாசமே பாதிக்கலாம், கம்பெனி மாறினா டாக்டருக்குத் தெரியணும், டெஸ்ட் பாக்கணும். பிரிகாபலின் அந்த லிஸ்ட்ல இல்ல.

எதாவது கேஸ்னால ஒரு ஜெனரிக் கிடைக்காம போனா மாத்திரை தீர்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி வேற கம்பெனியோடதை எழுதி வாங்கிக்கோங்க. கலர், சைஸ் மாறியிருந்தா மில்லிகிராம் ஒண்ணுதானான்னு மட்டும் பாருங்க. அப்புறம் ஒண்ணு, பிரிகாபலின் கிட்னி வழியாதான் வெளிய போகும், சுகர் ரொம்ப வருஷமா இருக்குன்னு சொல்றீங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் கடைசியா எப்ப பாத்தீங்க? கூடியிருந்தா டோஸைக் குறைக்க வேண்டி வரும், அந்த ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.