மாஸ்டா எம்எக்ஸ்-5: நான்கு தலைமுறைகளையும் ஓட்டியவர்கள் உண்டா? ஓட்டும்போது வித்தியாசம் தெரிகிறதா?

நான்கையும் ஒரே சாலையில் பல முறை ஓட்டியிருக்கிறேன். வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் குதிரைத்திறன் எவ்வளவு, நூறு கிலோமீட்டரைத் தொட எத்தனை விநாடி என்ற கணக்கில் தேடினால் அது கைக்கு வராது. இரண்டு பேர் உட்காரும், கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் இது. சாலையில் என்ன நடக்கிறது என்பதை ஓட்டுபவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி உடம்பில் எங்கே வந்து சேர்கிறது என்பதுதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. முதல் காரில் உள்ளங்கை. கடைசிக் காரில் இடுப்பு. நடுவில் வந்த இரண்டில் ஒன்று என்னுடையது, அதைப் பற்றியும் சொல்கிறேன்.

நான் மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெக்னீஷியன். என்னிடம் இருப்பது 2001ஆம் ஆண்டு என்பி, அதாவது இரண்டாம் தலைமுறை. இந்தக் கார் வைத்திருப்பவர்கள் என்ஏ, என்பி, என்சி, என்டி என்றுதான் வரிசையாகச் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். என்ஏ, பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு போர்மன் (மெக்கானிக்) அண்ணனுடையது. 1990இல் ஜப்பானுக்காகச் செய்த வண்டி. அங்கே யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள், பின்பக்கம் இன்னும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. என்சி என் மச்சானுடையது. என்டி என் தம்பியுடையது. எல்லாம் சொந்தமும் பழக்கமும் என்பதால் கேட்டால் சாவி கிடைக்கும்.

சாலை எது என்று சொல்லாமல் கார் எப்படி என்று சொல்ல முடியாது. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைச்சாலை, கூட்டரசுச் சாலை 6இன் ஒரு பகுதி. அணைக்கட்டைத் தாண்டியதும் ஏற ஆரம்பிக்கும். பழத்தோட்டம், தித்தி கெராவாங் அருவி எல்லாம் கடந்து அந்தப் பக்கம் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு இங்கே இன்னும் முழுதாக விடிந்திருக்காது. சைக்கிள்காரர்கள் கூட்டம் வருமுன், டுரியான் கடைகள் திறக்குமுன் ஒரு தடவை போய் வந்துவிடுவோம். வேகம் 50, 60தான். அதற்கு மேல் அங்கே யாரும் போகக் கூடாது, வளைவுக்கு அந்தப் பக்கம் குரங்குக் கூட்டம் நடுரோட்டில் உட்கார்ந்திருக்கும். இந்தக் காரின் அருமையே அந்த வேகத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்பதுதான்.

என்ஏவிலிருந்து தொடங்குகிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. 1.6 லிட்டர் எஞ்சின், ஜப்பான் வண்டியில் 120 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதை உருவாக்கிய தோஷிஹிக்கோ ஹிராயும் அவர் குழுவும் தங்களுக்கு வைத்துக்கொண்ட வாசகம் ‘ஜின்பா இத்தாய்’. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடம்பாவது என்று பொருள். கார் கம்பெனிகள் இப்படி நிறைய சொல்லும். இந்தக் காரில் அதை நான் நம்புகிறேன்.

அண்ணன் வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. பட்டறையிலிருந்து திருப்பி வெளியே எடுப்பதற்குள் தோள் வலித்துவிடும். உருள ஆரம்பித்ததும் அந்தக் கனம் போய்விடும். அணைக்கட்டுக்கு மேலே ஏறும்போது நீளமான வளைவு ஒன்று வரும், அங்கேதான் எனக்கு இந்தக் கார் புரிந்தது. வளைவுக்குள் நுழைந்ததும் ஸ்டீயரிங் மெல்லக் கனக்கும். முன்டயர்கள் சாலையை அழுத்திப் பிடிக்கப் பிடிக்கக் கனம் ஏறும். இன்னும் கொஞ்சம் மிதித்தால், டயர் வழுக்கும் முன்பே, அந்தக் கனம் லேசாக இறங்கும். தூண்டிலை இழுத்துப் பார்த்த மீன் நூலை விடும்போது விரலில் தெரியுமே, அது மாதிரி. இதற்குக் காரணம் உண்டு. திரும்பிய சக்கரத்தை மறுபடி நேராக்கப் பார்க்கும் ஒரு விசை டயரில் இருக்கிறது. டயர் தன் பிடியின் எல்லைக்குப் பக்கத்தில் போகும்போது, பிடி தீர்வதற்கு முன்னாலேயே அந்த விசை தளர்ந்துவிடும். நடுவில் எண்ணெய் அழுத்தமோ மின்மோட்டாரோ இல்லாததால் அந்தத் தளர்ச்சி அப்படியே கைக்கு வருகிறது. அன்றைக்கு அண்ணன் பக்கத்துச் சீட்டில் இருந்தார். “கட்டைவிரல இறுக்காத தம்பி, காடி பேசுறது கேக்காது” என்றார். காடி என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கார். விரலைத் தளர்த்தினேன், கேட்டது.

கியரும் அப்படித்தான். குச்சி நேராகக் கியர்பெட்டியின் தலையில் நிற்கிறது, நடுவில் கம்பியோ கேபிளோ இல்லை. மணிக்கட்டை அசைத்தால் போதும், ‘டக்’ என்று உட்காரும். கியர்பெட்டியையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் ஒன்றாகப் பிணைத்திருக்கிறார்கள். காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது நடுவில் தொய்வோ குலுக்கலோ இல்லை. மலையேறும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வேறு காரில் ஏறினால்தான் தெரியும்.

இருட்டில் போகும்போது இன்னொன்றும் உண்டு. முன்விளக்குகள் மேலே எழும் வகை என்பதால் ஓட்டும் இடத்திலிருந்தே இரண்டும் தெரியும், தவளைக் கண் மாதிரி. பொழுது விடிந்து அண்ணன் பட்டனை அமுக்கியதும் இரண்டும் மூடிக்கொள்ளும், பானெட் சட்டென்று தாழ்ந்து சாலை பெரிதாகிவிடும். அந்தக் கணத்துக்காகவே நான் 6 மணிக்கு எழுந்திருப்பேன்.

குறையும் இருக்கிறது. கூரை இல்லாத உடம்பு என்பதால் ஒட்டுப்போட்ட சாலையில் முறுக்கிக்கொள்ளும், கண்ணாடி நடுங்குவது கண்ணுக்கே தெரியும். பின்பக்க ஜன்னல் பிளாஸ்டிக், நம் ஊர் வெயிலில் மங்கிவிடும். அண்ணன் வண்டியில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. மழையில் நான் அதைத் தொடுவதில்லை.

அடுத்து என்பி, 1998இல் வந்தது. இதன் எலும்பு என்ஏவுடையதுதான். சக்கரங்களுக்கு இடையே அதே 2,265 மில்லிமீட்டர். எழும் விளக்குகள் போய்விட்டன, பின்ஜன்னல் கண்ணாடியானது, உடம்பு இன்னும் இறுக்கமானது. என் வண்டி 1.8 லிட்டர், ஆறு கியர், பவர் ஸ்டீயரிங்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று வருடம் நான் இந்தத் தலைமுறையைத் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். வாங்கிய புதிதில் ஒரு டயர் கடையில் பேச்சுக்கு மயங்கி 17 அங்குல ரிம்மும், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் போட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ஓட்டினால், ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் எகிறும், வளைவில் சிறு பள்ளம் வந்தால் கார் பக்கவாட்டில் ஓர் அடி தள்ளிப்போகும். என்பி என்றாலே இப்படித்தான், என்ஏவில் இருந்த உயிர் இதில் இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒருநாள் அண்ணன் அதைப் பினாங்குப் பாலத்தில் ஓட்டினார். பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றும் முதுகில் அடித்தன. பிறை வந்து இறங்கியதும் சொன்னார்: “டயர மாத்து. காடியக் குறை சொல்லாத.”

மாற்றினேன். கம்பெனி அளவான 195/50, 15 அங்குலம். ஸ்பிரிங் பழையபடி. அண்ணன் அதோடு விடவில்லை, சஸ்பென்ஷன் மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்களான புஷ்கள் எல்லாவற்றையும் கழற்றினார். ஒன்றை என் கையில் கொடுத்தார். வெயிலில் கிடந்த கருவாடு போல வெடித்துக் காய்ந்திருந்தது, நகத்தால் கீறினால் தூளாக உதிர்ந்தது. நல்ல புஷ்ஷை அமுக்கினால் விரல் உள்ளே போய்த் திரும்பும். புதிது போட்டு மலைக்குப் போனேன். அது வேறு கார். என்ஏவில் உள்ளங்கைக்கு வரும் சேதியில் பாதி இங்கே உள்ளங்கைக்கும் மீதி முதுகுக்கும் வருகிறது. உடம்பு இறுக்கமானதால் பின்சக்கரம் செய்வது சீட்டில் தெரிகிறது, எப்போது மிதிக்கலாம் என்பதை முதுகே முடிவு செய்கிறது.

அதனால் யார் இரண்டு தலைமுறைகளை ஒப்பிட்டு எழுதினாலும் நான் முதலில் கேட்பது, எந்த டயர், எத்தனை வருட ரப்பர் என்றுதான். 30 வருடம் பழைய வண்டியைப் புது வண்டியோடு ஒப்பிடும்போது பாதி நேரம் நாம் ஒப்பிடுவது புஷ்களை. டயர் காற்றும் அப்படித்தான். என்ஏ, என்பி இரண்டுக்கும் கம்பெனி சொல்வது 180 கிலோபாஸ்கல், என்சி, என்டிக்கு 200. பெட்ரோல் நிலையத்தில் பழக்கத்தில் 230 அடித்துவிட்டு ஸ்டீயரிங் சரியில்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்சி 2005இல் வந்தது. ஆர்எக்ஸ்-8 காரோடு சேர்ந்து உருவான அடித்தளம், சக்கரங்களுக்கு இடையே 2,330 மில்லிமீட்டர், 2 லிட்டர் எஞ்சின், சுமார் 1,100 கிலோ. பெருத்துவிட்டது என்று இதை ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. எடை ஏறாமல் இருக்க அதன் பொறியாளர்கள் உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில்கூட 84 கிராம் குறைத்தார்கள். மச்சான் ஆறடிக்கு மேல், என் வண்டியில் அவர் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும், என்சியில் சௌகரியமாக உட்காருவார். அவருடையது மடங்கும் கடினக் கூரை வகை, 12 விநாடியில் மூடிவிடும். மதியம் திடீரென்று கொட்டும் நம் ஊர் மழைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கோலாலம்பூருக்கு 350 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் நான்கில் இதைத்தான் எடுப்பேன். மலையில், வளைவுக்குள் நுழையும்போது மூக்கு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. ஆரம்பகால என்சி கொஞ்சம் உயரமாக நிற்கும், மச்சானுடையது அப்படித்தான். ஓட்டினால் பெரிய கார் ஓட்டுவது போன்ற அமைதி. சேதி வருகிறது, ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று சொல்வது போல.

என்டியை 2014 செப்டம்பரில் காட்டினார்கள், 2015இல் விற்பனைக்கு வந்தது. நீளம் 3,915 மில்லிமீட்டர், 1989 காரைவிடக் குறைவு. 25 வருடத்தில் எல்லாக் கார்களும் ஊதிப் பெருத்த காலத்தில் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு வியப்புதான். தம்பியுடையது 2 லிட்டர், 184 குதிரைத்திறன், எஞ்சின் 7,500 சுற்று வரை போகும்.

முதல் தடவை இதை மலைக்கு எடுத்துப் போனபோது பயந்தேன். வளைவில் கார் சாய்கிறது, என் என்பியைவிட நிறையவே. ஸ்போர்ட்ஸ் கார் சாயக்கூடாது என்று பழகியிருந்ததால் காலை எடுத்துவிட்டேன். தம்பி, “எடுக்காதண்ணே, சாயட்டும், ஒரு இடத்துல நிக்கும்” என்றான். அடுத்த வளைவில் விட்டுப் பார்த்தேன். சாய்ந்தது, நின்றது. வெளிப்பக்கச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் இறங்கியிருக்கிறது என்பதை இடுப்பு அளந்து சொன்னது. அந்தச் சாய்வு மெதுவாக, ஒரே அளவாக வருவதால் அதை நம்பலாம். ஒட்டுப்போட்ட சாலையில் இந்த மென்மை பெரிய வரம், என் வண்டி துள்ளும் இடத்தில் இது முழுங்கிவிடுகிறது. 2021 கடைசியில் வந்த மாற்றத்தில், வளைவின் உட்பக்கப் பின்சக்கரத்தை லேசாகப் பிரேக் பிடித்து இந்தச் சாய்வைக் குறைத்திருக்கிறார்கள். தம்பியின் வண்டி அதற்கு முந்தியது.

ஸ்டீயரிங்குக்கு மின்மோட்டார் துணை. திருப்பிய இடத்துக்கு மூக்கு துல்லியமாகப் போகிறது. ஆனால் அந்தத் தூண்டில் நூல் தளரும் உணர்வை அதே வளைவில், அதே வேகத்தில், விரலைத் தளர்த்தி எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன். என் கைக்கு அது வரவில்லை.

எது சிறந்தது என்று கேட்டால், என் மனசு என்ஏவில்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு மழையிலும் வெயிலிலும் வேலைக்கும் போகவேண்டியவருக்கு நான் என்டியைத்தான் சொல்வேன். கையில் பணம் குறைவென்றால் நல்ல என்சி ஒன்றைத் தேடுங்கள், எல்லாரும் ஒதுக்குவதால் பேரம் பேச இடம் இருக்கும். சாலை வரியும் ஒரு கணக்கு: தீபகற்ப மலேசியாவில் அண்ணனின் 1.6க்கு வருடத்துக்கு 90 வெள்ளி (ரிங்கிட்), என் 1.8க்கு 299.50, இரண்டு லிட்டர் என்றால் 379க்குப் பக்கம்.

பழையது வாங்குபவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். என்ஏ, என்பியில் துணிக்கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளை வழியாகக் கீழே வடியும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் சருகும் பூவும் அங்கே போய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பகுதியில் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை அந்தத் துளையில் ஊற்றிக் கீழே குனிந்து பாருங்கள். அடைத்திருந்தால், புல்வெட்டும் மெஷினின் நைலான் கயிறு ஒரு முழம் போதும், மெல்ல விட்டு எடுத்தால் சருகு வந்துவிடும்.

இன்னொன்று, ஓட்டிப் பார்க்கும் முன் போகும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, டயர் காற்றை அந்த வண்டிக்கு உரிய அளவுக்கு இறக்கிவிட்டு ஏறுங்கள். கட்டைவிரலை இறுக்காதீர்கள்.